கேளுங்க சொல்றேன்: உப்புத்தாள்ல உப்பும் இல்ல, மணலும் இல்ல

போன தடவ ஒரு அலமாரிக்கு வார்னிஷ் அடிக்கிறத பத்தி பதில் சொல்லும்போது "ரெண்டு பூச்சுக்கு நடுவுல 220ல லேசா தேய்ச்சு விட்டுருங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், வார்னிஷ விட்டுட்டு எல்லாரும் அந்த 220ஐ புடிச்சுக்கிட்டீங்க. 220ன்னா என்ன, கறுப்பா இருக்குறதா பழுப்பா இருக்குறதா, தண்ணி ஊத்தணுமா வேணாமான்னு கேள்விக்கு மேல கேள்வி. சரி, இந்த தடவ முழுக்க உப்புத்தாள்தான்.

கேள்வி: உப்புத்தாள், சேண்ட்பேப்பர், எமரி, வாட்டர் பேப்பர்னு ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க சார். எல்லாம் ஒண்ணுதானா? அப்புறம் இதுல உப்பு எங்க இருக்கு?

உப்பு இல்லங்க, நக்கிப் பாத்துறாதீங்க. நாம உப்புங்கறோம், இங்கிலீஷ்காரங்க மணலுங்கறாங்க, இப்ப விக்கிற தாள்ல ரெண்டுமே கிடையாது. ஒரு காலத்துல சுறாமீன் தோல வெச்சு மரத்த தேய்ச்சாங்க, குதிரைவால்னு ஒரு செடி, அதோட தண்டுல சிலிக்கா இருக்கும், அதையும் வெச்சு தேய்ச்சாங்க. அப்புறம் கண்ணாடிய பொடி பண்ணி பேப்பர்ல ஒட்டுனாங்க, 1833ல லண்டன்ல ஜான் ஓக்கேங்கறவர் அதையே தொழிலா ஆரம்பிச்சாரு, அடுத்த வருஷம் அமெரிக்காவுல ஐசக் ஃபிஷர்ங்கறவர் உப்புத்தாளுக்கு பேட்டன்ட் வாங்குனாரு.

எமரிங்கறது ஒரு கல்லு. குருந்தங்கற ரொம்ப கெட்டியான கனிமமும் காந்த இரும்புத் தாதும் கலந்த கறுப்புக் கல்லு, கிரேக்க நாட்டுல நாக்சாஸ் தீவுல ரொம்ப காலமா வெட்டி எடுத்தாங்க. அத துணியில ஒட்டுனா எமரி துணி, இரும்பு தேய்க்கிறதுக்கு. ஆனா இப்ப கறுப்பா இருந்தாலே எல்லாத்தையும் எமரின்னு சொல்லிர்றோம், அதுதான் குழப்பம்.

வாட்டர் பேப்பர்னா தண்ணியில நனைச்சாலும் பசை விடாது, தாளும் ஊறிப் போகாது. 1921ல அமெரிக்காவுல த்ரீஎம் கம்பெனி அத கொண்டு வந்துச்சு, கண்டுபிடிச்சவர் பேரு ஃபிரான்சிஸ் ஓக்கி, இங்க் தயாரிச்சுக்கிட்டிருந்தவர். அப்ப கார் பெயிண்ட காயவெச்சு வறட்டுத் தேய்ப்பா தேய்ச்சா தூசி தாங்க முடியாது, அதுக்காக வந்த தாள் இது. இந்த மனுசன் பிளேடுக்கு பதிலா நைஸ் உப்புத்தாள வெச்சு தாடிய தேய்ச்சுக்கலாம்னு சொல்லி தன் மூஞ்சியிலயே செஞ்சு காட்டுனார்னு ஒரு கதை உண்டு. அந்த யோசன ஏன் ஓடலைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: பின்பக்கம் 80, 120, 400ன்னு போட்டுருக்கே, அது என்ன கணக்கு? சிலதுல நம்பருக்கு முன்னாடி பி-ன்னு ஒரு எழுத்து இருக்கு, சிலதுல இல்ல.

சல்லடை கணக்குங்க. ஒரு இன்ச் நீளத்துல எத்தன ஓட்ட இருக்குற சல்லடையில அந்த பொடி சலிச்சு எடுத்தாங்களோ அதுதான் நம்பர். ஓட்ட கூட கூட ஓட்டயோட சைஸ் சின்னதாகும், அதனால நம்பர் ஏற ஏற பொடி நைஸ். இத தலைகீழா நினைச்சுக்கிட்டு "நல்லா அழுத்தமா தேயணும், பெரிய நம்பரா குடுங்க"ன்னு கேக்குறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. ரொம்ப நைஸான பொடிய சல்லடையில சலிக்க முடியாது, அத தண்ணி மாதிரி திரவத்துல கலக்கி எவ்ளோ வேகமா அடியில படியுதுன்னு பாத்து பிரிப்பாங்க.

அளவு மனசுல நிக்கணும்னா இப்படி வெச்சுக்கங்க. பி60 தாள்ல ஒரு துகள் கால் மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. பி80ல 0.2 மில்லிமீட்டர். பி220ல கிட்டத்தட்ட தலைமுடி தடிமன், 0.07. பி2000 வந்தா 0.01 மில்லிமீட்டர், விரல்ல தடவுனா சாதா பேப்பர் மாதிரிதான் இருக்கும்.

அந்த பி-ங்கறது ஐரோப்பிய அளவு. பி போடாதது பெரும்பாலும் அமெரிக்க அளவு. 220 வரைக்கும் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், எத வாங்குனாலும் பிரச்சன இல்ல. அதுக்கு மேல பிரிஞ்சு போயிரும், அமெரிக்க 400ங்கறது பி800 பக்கம் வரும், அமெரிக்க 600ங்கறது பி1200. அதனால நைஸ் தாள் வாங்கும்போது ஒரே வேலைக்கு ரெண்டு அளவையும் கலந்து வாங்காதீங்க, 600க்கு அப்புறம் பி800 போட்டா முன்னாடி போறதுக்கு பதிலா பின்னாடி போவீங்க.

கேள்வி: பழைய மேசை ஒண்ண 60ல தேய்ச்சு, அப்புறம் 220ல தேய்ச்சு, கைய வெச்சா வழவழன்னு இருந்துச்சு. பாலிஷ் போட்டதும் மேல பூரா கோடு கோடா தெரியுது! தாள் மட்டமா, பாலிஷ் மட்டமா?

ரெண்டும் இல்ல மேடம். 60க்கும் 220க்கும் நடுவுல நீங்க தாண்டுன தாண்டல்தான்.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்தது எல்லாம் தானா புரிஞ்சுரும், அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். உப்புத்தாள் எதையும் வழவழப்பாக்காது. அது கீறும், அது மட்டும்தான் அதுக்குத் தெரியும். 60 போட்டா ஆழமா கீறும், 220 போட்டா மேலாக்க கீறும். நாம வழவழப்புன்னு சொல்றது கையில தட்டுப்படாத அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு சின்னதாப் போன கீறல். அப்ப ஒவ்வொரு தாளுக்கும் உள்ள வேலை அதுக்கு முன்னாடி வந்த தாள் போட்ட கீறல அழிச்சுட்டு அதுக்கு பதிலா தன்னோட சின்ன கீறல போடுறது. 60 போட்ட பள்ளத்த 220 அழிக்கணும்னா பாதி நாள் தேய்க்கணும், நீங்க பள்ளத்தோட விளிம்ப மட்டும் மழுங்கடிச்சீங்க, கைக்கு வழவழன்னு ஆச்சு, பாலிஷ் அந்தப் பள்ளத்துல போய் தேங்குனதும் கறுப்புக் கோடா எழுந்து நிக்குது.

60, 80, 120, 180ன்னு போங்க. 80, 120, 180, 220ம் சரி. முந்துன நம்பருல இருந்து ஒண்ணரை மடங்குக்கு பக்கத்துல அடுத்தது இருந்தா வேல சுளுவு. முதல் தாள்லதான் மெனக்கெடணும், மேடு பள்ளம், பழைய கறை எல்லாம் அங்கயே முடிஞ்சிரணும், அதுக்கப்புறம் வர ஒவ்வொண்ணுக்கும் சில நிமிஷம் போதும். நிறைய பேரு இத மாத்தி செய்றாங்க, முதல் தாள அவசரமா ஓட்டிட்டு கடைசி தாள்ல உக்காந்து தேய் தேய்னு தேய்ப்பாங்க.

முடிஞ்சுதான்னு தெரிய ஒரு வழி, பென்சில்ல மேசை மேல குறுக்கும் நெடுக்கும் லேசா கிறுக்கிட்டு தேய்ங்க, கிறுக்கல் எல்லாம் போச்சுன்னா அந்த தாள் எல்லா இடத்தையும் தொட்டுருச்சுன்னு அர்த்தம். அப்புறம் லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச மேசையோட மட்டத்துக்கே சாய்ச்சு புடிச்சு பாருங்க, பகல்ல தெரியாத கீறல் எல்லாம் அப்ப பல்ல இளிக்கும். அடுத்த நம்பருக்கு போறதுக்கு முன்னாடி தூசிய சுத்தமா தொடைங்க, முந்துன தாள்ல இருந்து உதிர்ந்த ஒரே ஒரு பெரிய துகள் அடுத்த தாளுக்கு அடியில மாட்டுனா போதும், செஞ்ச வேலைய கெடுத்துரும்.

கை எப்பவும் மரத்தோட ரேகை ஓடுற பக்கமா போகணும், குறுக்க போனா நாரு அறுபட்டு அந்தக் கோடு சீக்கிரம் போகாது. வெறும் விரலால அழுத்தித் தேய்ச்சா விரல் பட்ட இடம் மட்டும் குழியும், ஒரு மட்டமான கட்டையில தாள சுத்திக்கிட்டு தேய்ங்க, கட்டைக்கு அடியில கார்க்கோ ரப்பரோ ஒட்டியிருந்தா இன்னும் நல்லது.

எங்க நிறுத்தணும்னா, வார்னிஷ் அடிக்கப் போறீங்கன்னா 180 இல்ல 220. அதுக்கு மேல போனா மரம் வழுக்க ஆரம்பிச்சுரும், கலர் ஸ்டெயின் சரியா ஏறாது. மரத்தோட குறுக்க அறுத்த வெட்டுமுனை மட்டும் ஸ்டெயின ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சு கறுத்துரும், அதனால அங்க மட்டும் ஒரு நம்பர் நைஸா போயிருங்க. தண்ணி கலந்த வார்னிஷ்னா முதல்ல ஈரத் துணியால ஒரு தொடை தொடைச்சு காய விடுங்க, நாரு சிலிர்த்துக்கிட்டு எழும்பும், அத 220ல ரெண்டு இழு இழுத்துட்டு அப்புறம் அடிங்க. இல்லன்னா வார்னிஷ்ல உள்ள தண்ணியே அந்த வேலைய செஞ்சு மேல்பக்கத்த சொரசொரன்னு ஆக்கிரும்.

கேள்வி: பிளைவுட் அலமாரியையும் இதே மாதிரி செய்யலாமா?

ரொம்ப பயந்து பயந்து செய்யலாம். மேல ஒட்டியிருக்குற வெனீர்ங்கற மெல்லிசு மரத்தாள் பல சமயம் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, 80 போட்டா அடியில இருக்குற அடுக்கு எட்டிப் பாத்துரும், அத திரும்ப மூட எந்த வழியும் இல்ல. அனுபவத்துல சொல்றேன், எங்க அம்மாவோட தையல் மேசைய "புதுசாக்கித் தரேன்"னு மெஷின வெச்சு ஒரு மூலையில ஓட்டிட்டேன், இன்னைக்கும் அந்த மூலையில ஒரு பூச்சாடி உக்காந்துருக்கு. வெனீருக்கு 180ல ஆரம்பிங்க, கையால, ஓரங்கள்ல அழுத்தாம.

கேள்வி: கடையில பழுப்பு, சிவப்பு, கறுப்பு, நீலம், மேல வெள்ளையா மாவு பூசுனதுன்னு கலர் கலரா இருக்கு. எது எதுக்கு?

கலர நம்பி மட்டும் வாங்காதீங்க, கம்பெனி எந்த சாயம் வேணா போடலாம், பின்னாடி எழுதியிருக்குறத படிங்க. ஆனா பொதுவா பழுப்பா இருக்குறது அலுமினியம் ஆக்சைடு, வீட்டு வேலைக்கு பாதிக்கு மேல இதுதான். அழுத்தித் தேய்க்கும்போது துகள் உடைஞ்சு புதுசா ஒரு கூர்முனை வரும், அதனால ரொம்ப நாள் உழைக்கும், மரத்துக்கும் சரி மெஷினுக்கும் சரி. செங்கல் கலர்ல இருக்குறது கார்னெட், இயற்கைக் கல்லு, சீக்கிரம் மழுங்கிரும், ஆனா மழுங்கிக்கிட்டே மெதுவா தேய்க்கிறதால கையால கடைசித் தேய்ப்பு போடுறவங்க சிலருக்கு இத விட்டா வேற புடிக்காது. கறுப்பு, பெரும்பாலும் வாட்டர் பேப்பரா வரது, சிலிக்கான் கார்பைடு. 1891ல எட்வர்ட் ஆச்சிசன்ங்கறவர் செயற்கையா வைரம் செய்யலாம்னு களிமண்ணையும் கரியையும் போட்டு மின்சாரத்துல காய்ச்சும்போது வைரத்துக்கு பதிலா இது வந்துச்சு, கார்போரண்டம்னு பேரு வெச்சாரு. ரொம்ப கூர்மை, ரொம்ப கெட்டி, ஆனா பொசுக்குன்னு உடையும். கண்ணாடி, பெயிண்ட், பிளாஸ்டிக், கல்லு, உலோகம் இதுக்கெல்லாம் இதுதான். மரத்துல போட்டா ஒண்ணும் குத்தமில்ல, சீக்கிரம் தேஞ்சு போகும், அவ்ளோதான். நீலம், பச்சையில தடிமனா வரது பெரும்பாலும் சிர்கோனியா, மெஷின்ல போட்டு இரும்பையோ முரட்டு மரத்தையோ கிழிக்கிறவங்களுக்கு. நமக்கு வேணாம்.

அந்த வெள்ளை மாவு ஸ்டியரேட், சோப்பு மாதிரி ஒரு பொருள், பெயிண்ட் தூசியும் பட்டி தூசியும் துகளுக்கு நடுவுல அப்பிக்காம இருக்க பூசுறாங்க. ரெண்டு பூச்சுக்கு நடுவுல தேய்க்க அருமையா இருக்கும். தேய்ச்சப்புறம் அந்த மாவு மேல தங்காம நல்லா தொடைச்சுருங்க.

கேள்வி: சுவர்ல பட்டி பாத்துருக்கோம். என்ன நம்பர்?

நல்லா காஞ்சப்புறம் 120 இல்ல 150, கடைசியா 220. அழுத்தவே அழுத்தாதீங்க, பட்டி வெண்ண மாதிரி இறங்கும், ஒரு இடத்துலயே நின்னா குழி. டார்ச்ச சுவரோட ஒட்டி சாய்ச்சு புடிச்சு பாக்குற வித்தை இங்கயும் உண்டு.

கேள்வி: காரோட முன் லைட் மஞ்சளா மங்கிப் போச்சு அண்ணா. உப்புத்தாள் போட்டு தேய்ச்சா பளிச்சுன்னு ஆகும்னு வீடியோவுல பாத்தேன். கண்ணாடிய போய் தேய்க்கிறதா, பயமா இருக்கு.

அது கண்ணாடி இல்ல தம்பி, பாலிகார்பனேட், பிளாஸ்டிக். வெயில்ல மஞ்சளாகுறதுக்கு காரணம் மேல கம்பெனியில பூசுன பாதுகாப்புப் பூச்சு வெந்து போறது. சுத்தி இருக்குற பெயிண்ட்ல டேப் ஒட்டிக்கங்க. 800 வாட்டர் பேப்பர்ல ஆரம்பிச்சு, 1000 இல்ல 1200, 2000, 3000ன்னு போங்க, தாள தேய்க்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஊறப் போடுங்க, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணிய தெளிச்சுக்கிட்டே இருங்க. தண்ணி எதுக்குன்னா தூசிய அடிச்சுக்கிட்டு போயிரும், சூடாகாது, தாள் அடைக்காது. முதல்ல மஞ்ச தண்ணியா ஓடும், அப்புறம் வெள்ளையா, லைட்டு பாக்க இன்னும் மோசமா பனி மூடுன மாதிரி ஆகும். அங்க பயந்து நிறுத்திராதீங்க, அதெல்லாம் கீறல்தான், ஒவ்வொரு தாளுக்கும் அது குறையும், கடைசியா பாலிஷ் காம்பவுண்ட் போட்டதும் தெளிஞ்சிரும்.

வீடியோவுல பாதிப் பேரு இங்க முடிச்சுருவாங்க. பழைய பூச்ச நீங்க முழுசா தேய்ச்சு எடுத்துட்டீங்க, இப்ப அந்த பிளாஸ்டிக் அம்மணமா வெயில்ல நிக்குது, சில மாசத்துல மறுபடியும் மஞ்சளாகும். யூவி தாங்குற கிளியர் கோட் ஒண்ணு அடிச்சாத்தான் வேலை முடிஞ்ச கணக்கு.

கேள்வி: இரும்பு கிரில் துருப்பிடிச்சிருக்கு. வீட்ல துருப்பிடிக்கிற மத்த சாமானையும் இதாலயே தேய்க்கலாமா?

கிரில்லுக்கு எமரி துணி 80, அப்புறம் 120. துணி எதுக்குன்னா கம்பிய சுத்தி ரெண்டு முனையையும் புடிச்சு பூட்ஸுக்கு பாலிஷ் போடுற மாதிரி இழுக்கலாம், பேப்பர்னா மடிப்புலயே கிழிஞ்சுரும். 120ல நிறுத்திருங்க, பிரைமர் புடிக்கறதுக்கு அந்த சொரசொரப்பு வேணும், கண்ணாடி மாதிரி ஆக்கி அது மேல பெயிண்ட் அடிச்சா சீக்கிரமே உரிஞ்சு வரும். தேய்ச்ச அன்னைக்கே பிரைமர் அடிச்சுருங்க, வெறும் இரும்ப ராத்திரி விட்டா காலையில மறுபடியும் துரு.

இரும்புச் சட்டிய தேய்க்கலாம், கழுவி, காயவெச்சு, எண்ணெ தடவி பழக்கிக்கணும். நான்ஸ்டிக், குரோமியம் பூசுன குழாய், ஜிங்க் பூசுன தகடு இதுல மட்டும் கை வெச்சுறாதீங்க. அங்க எல்லாம் பூச்சுதான் பொருளோட உயிரு, தேய்ச்சா அதுதான் முதல்ல போகும்.

கேள்வி: மெஷின் வாங்குனா கைவலி மிச்சமாகுமே?

ஆகும். சுத்திக்கிட்டே ஆடுற ராண்டம் ஆர்பிட்டல் வகைய வாங்குங்க, மேல அழுத்தாம அதோட எடையிலயே ஓட விடுங்க. அழுத்துனா பன்னிவால் மாதிரி சுருள் சுருளா கீறல் விழும். கடைசி நம்பர மட்டும் கையால ரேகை பக்கமா ஒருக்கா தேய்ச்சுருங்க.

கேள்வி: மிச்சம் இருக்குற துண்டுத் தாள என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வரல.

வரக்கூடாது. சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டும்போது சொல்யூஷன் தடவுறதுக்கு முன்னாடி அந்த இடத்த தேய்ப்போமே அதுக்கு ஒரு துண்டு, பிளாஸ்டிக்ல எத ஒட்டுனாலும் ஒட்டுற இடத்த இப்படி சொரசொரப்பாக்கிட்டு ஒட்டுனா பசை நல்லா புடிக்கும். ரிமோட்ல பேட்டரி வெக்கிற ஸ்பிரிங்ல பச்ச பூத்திருந்தா 400 துண்ட சுருட்டி ரெண்டு தேய். புது தோல் செருப்பு டைல்ஸ்ல வழுக்குதுன்னா அடியில 80. ஓடு கெட்டியான விதைய ஒரு பக்கம் லேசா தேய்ச்சுட்டு ஊற வெச்சா தண்ணி உள்ள போய் சீக்கிரம் முளைக்கும், உள்ள இருக்குற பருப்ப தொட்டுறாதீங்க. மழைக்கு உப்பி மாட்டிக்கிற டிராயர், அழுக்கான ரப்பர், எல்லாத்துக்கும் ஆகும். கத்தரிக்கோலால உப்புத்தாள வெட்டுனா கத்திரி கூராகும்னு சொல்வாங்க, சின்ன பிசிறு போகும், மொக்க கத்திரி கூராகாது.

தாள கிழிக்கிறதுக்கு கத்திரிக்கோல் வேணாம், சொரசொரப்பு பக்கம் கீழ இருக்க மாதிரி மடிச்சு மேசை ஓரத்துல இல்ல ஹேக்சா பிளேடு மேல வெச்சு இழுங்க, நேரா வரும். மூணா மடிச்சா சொரசொரப்பும் சொரசொரப்பும் ஒண்ணோட ஒண்ணு உரசாது, ரெண்டா மடிச்சாத்தான் தாளே தாள தின்னும். சாதா தாள ஈரமான இடத்துல வெக்காதீங்க, சுருண்டுக்கும்.

கேள்வி: தூசி ஒடம்புக்கு ஆகாதுன்னு வீட்ல திட்டுறாங்க. அவ்ளோ பெரிய விஷயமா?

வீட்ல சொல்றதுதான் சரி. மரத்தூசிய உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு மனுசனுக்கு புற்றுநோய் உண்டாக்குற பொருள் பட்டியல்ல, முதல் பிரிவுலயே வெச்சுருக்கு. ஒரு நாள் தேய்ச்சா ஒண்ணும் ஆகிறாது, ஆனா துணிய மூஞ்சியில கட்டிக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, நைஸ் தூசி துணிய தாண்டும், என்95 மாஸ்க் போடுங்க, ஜன்னல திறந்து வைங்க. ரொம்ப பழைய வீட்டு பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அத வறட்டுத் தேய்ப்பா தேய்க்கவே கூடாது, அதுவும் சின்னக் குழந்தைங்க இருக்குற வீட்ல. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட எந்த நம்பர்லயும் தொடாதீங்க.

கேள்வி: உப்புத்தாள்ல தீக்குச்சி உரசினா பத்துமா மாமா? (எட்டாம் வகுப்பு)

சாதா தீப்பெட்டி குச்சி பத்தாதுடா கண்ணா. பெட்டியோட பக்கத்துல இருக்குறது வெறும் சொரசொரப்பு இல்ல, சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடிப் பொடியும். குச்சித் தலையில பாஸ்பரஸ் கிடையாது, பாதிய பெட்டியிலயும் பாதிய குச்சியிலயும் பிரிச்சு வெச்சதாலதான் அதுக்கு பாதுகாப்பான தீக்குச்சின்னு பேரு. இத சோதிச்சுப் பாக்க மாமாதான் சொன்னாருன்னு அம்மாகிட்ட சொல்லாத.